ஆடிட்டர் ஆபீஸ் மேஜையில் கற்ற பைத்தான்

பி.காம். படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்பவர்கள், அடுத்து தவறாமல் கேட்பது எந்த கோர்ஸ் படித்தீர்கள் என்பதுதான். பெயரைச் சொல்லிவிடுவேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை, பெரும்பாலும் காசும் கிடையாது. ஆனால் பெயரை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் நிறையப் பேர் சில வாரங்களில் நின்றுபோகிறார்கள். தனக்கு மூளை போதாது என்று அவர்களாகவே முடிவுகட்டியும் விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலேஜில் வாத்தியார் பாடம் நடத்துவதோடு நிற்பதில்லை, பேப்பரும் திருத்துகிறார். தானாகப் படிக்கிறவருக்குப் பாடம் நடத்த யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பேப்பர் திருத்தத்தான் ஆளில்லை. எழுதிய புரோகிராம் ஓடிவிட்டது, சரி. அது தந்த விடை சரிதானா என்று யார் சொல்வது?

இந்தக் கேள்வியில் நான் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தது அதற்கு முன் பார்த்த வேலையின் புண்ணியத்தில்.

திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். கிளையண்ட் எல்லாம் பனியன் கம்பெனிகள், அப்புறம் அவர்களுக்கு ஜாப் வொர்க் செய்து கொடுக்கும் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங் யூனிட்டுகள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எங்கள் மாதத்துக்குக் கிழமையே கிடையாது, தேதிதான். 11ஆம் தேதி விற்பனை பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன். நடுவில் ‘டூ-ஏ மேட்சிங்’. ஆடிட்டர் சார் காலையில் உள்ளே வரும்போதே, “ஏம்மா, டூ-ஏ டேலி ஆச்சா?” என்றுதான் வருவார்.

அந்த மேட்சிங் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் புரோகிராமிங் முழுக்க அங்கிருந்து வந்ததுதான். நம் கிளையண்ட் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதைத்தான் ‘இன்புட் எடுப்பது’ என்போம். விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லை ஏற்றினால் அது நம் கிளையண்டின் ‘2ஏ’ என்ற பட்டியலில் வந்து நிற்கும். ஒரு பக்கம் நம்முடைய பர்சேஸ் ரிஜிஸ்டர், இன்னொரு பக்கம் 2ஏ. இரண்டையும் பில் பில்லாகப் பார்த்து எது இருக்கிறது, எது இல்லை என்று பிரிக்க வேண்டும். 2019 அக்டோபர் 9 வரை இது கொஞ்சம் நிதானமாக நடந்தது. அன்று 36(4) என்ற விதி வந்தது. சப்ளையர் ஏற்றாத பில்களுக்கு எடுக்கும் இன்புட், ஏற்றிய பில்களின் இன்புட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2020 ஜனவரியில் அது 10 சதவீதம், 2021 ஜனவரியில் 5. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் (2ஏ போலவே, மாதாமாதம் வரும் பட்டியல்) இல்லாத பில்லுக்கு இன்புட்டே கிடையாது. அதாவது, மேட்சிங்கில் ஒரு பில் தவறிப்போனால் கிளையண்டின் கையிலிருந்து பணம் போகும்.

பில் பில்லாகப் பார்ப்பது கேட்க எளிது. சாயப்பட்டறைக்காரர் பில் புத்தகத்தில் 127 என்று இருக்கும். அவருடைய அக்கவுண்டண்ட் ரிட்டர்னில் 0127 என்று ஏற்றியிருப்பார். நம் ஆள் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் 127/19-20 என்று போட்டிருப்பார். பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், கோடும் சாய்கோடும் வரலாம் என்று மட்டும்தான் விதி சொல்கிறது. அதற்குள் எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்குத் திருப்பூரே சாட்சி. சைபர் போட வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ போடுகிறவர்கள் தனி ஜாதி. எக்செலில் தேடிப் பொருத்தித் தரும் விலுக்கப் ஃபார்முலா இதையெல்லாம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று கையை விரித்துவிடும். போதாததற்கு 3-12 என்ற பில் நம்பரை எக்செல் தானாகவே டிசம்பர் 3 என்று தேதியாக்கிவிடும். இது நமக்கு மட்டும் நேர்ந்த கொடுமை இல்லை. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்றெல்லாம் பெயர் கொண்ட மனித ஜீன்கள் எக்செலில் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020இல் அந்த ஜீன்களின் பெயரையே மாற்றியது. சாஃப்ட்வேரை மாற்றுவதைவிட மனித ஜீனின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

நான் எழுதிய முதல் நிரலை நான் எழுதவே இல்லை. எக்செலில் மேக்ரோ ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு நாம் செய்வதைச் செய்தால், அது பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் நிரலாக எழுதிவைக்கும். ஆல்ட்-எஃப்11 அழுத்தினால் அந்த நிரல் தெரியும். ஒரு நாள் அப்படித் திறந்தபோது, நான் சுட்டெலியை வீணாக உருட்டியது, வேறு செல்லைத் தவறித் தொட்டது எல்லாமே வரிசையாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியாக அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடினால் அந்த வரி வேண்டாத வரி. ஓடாவிட்டால் வேண்டிய வரி, அது என்ன செய்கிறது என்று பார்த்தால் ஆயிற்று. புரோகிராமிங் கற்க இதைவிட நல்ல வழியை இன்றுவரை நான் பார்க்கவில்லை. வெள்ளைத் திரையில் கர்சர் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட, வேலை செய்கிற ஒன்றை வெட்டிப் பார்ப்பது புதியவர்களுக்கு எவ்வளவோ சுலபம்.

ஆடிட்டர் ஆபீசில் படிக்க நேரம் ஏது என்று கேட்கலாம். 20ஆம் தேதி முடிந்ததும் சில நாள் மூச்சு விடலாம். அந்த நாட்களின் மதிய நேரம்தான் என் வகுப்பு. செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் கெடு இருப்பதால் அந்த மாதம் படிப்பு முழுப் பூஜ்யம். தினமும் ஒரு மணி நேரமாவது விடாமல் படி என்று அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் செப்டம்பரில் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்ததில்லை.

பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு. ரிட்டர்ன் கெடுக்களைத் தள்ளிவைத்தார்கள், பனியன் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. அப்போதுதான் மேக்ரோவை விட்டுப் பைத்தான் என்ற நிரல் மொழிக்கு வந்தேன். கேட்பவர்களுக்காக அந்தப் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். என்பிடெல் தளத்தில் சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம். பாடம் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். ஹார்வர்டின் கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகப் பாடமான சிஎஸ்50, டேவிட் மேலன் நடத்துவது. 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், வெப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு. ஆங்கிலம் மிரட்டுகிறது என்பவர்களுக்குக் கணியம் அறக்கட்டளை தமிழில் இலவச மின்னூல்கள் வெளியிடுகிறது. முதல் மாதம் தமிழில் படிப்பது பெரிய உதவி, அடிப்படைகள் மண்டையில் ஏறிவிடும். அதற்கப்புறம் ஆங்கிலத்துக்குப் பயந்து பிரயோஜனமில்லை, ஏனென்றால் எரர் மெசேஜ் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். மேலிருந்து படித்தால் எதுவும் புரியாது, பயம்தான் வரும். என்ன ஆச்சு என்பது கடைசி வரியில், எங்கே ஆச்சு என்பது அதற்கு மேல்வரிகளில். இந்த ஒன்றை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் ஓடியிருக்க மாட்டார்கள்.

சிஎஸ்50-யின் முதல் வாரப் பயிற்சிகளில் ஒன்று, கிரெடிட் கார்டு நம்பர் சரியானதா என்று கண்டுபிடிப்பது. கார்டு நம்பரின் கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை. முன்னால் உள்ள இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்து, கூட்டி, அதிலிருந்து கடைசி இலக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். நம்பரைத் தப்பாகத் தட்டினால் கணக்கு ஒத்துவராது. இதற்கு லூன் முறை என்று பெயர். இதைச் செய்து முடித்த கையோடு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது வழக்கமாக ‘இசட்’. பதினைந்தாவது? வருஷக்கணக்கில் பார்த்துப் பழகிய எண். ஆபீசில் எல்லோரும் அதை ‘கடைசி லெட்டர்’ என்றுதான் சொல்வோம், அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

தேடிப் பார்த்தால் அதுவும் லூன் வகைதான், பத்துக்குப் பதில் 36. இலக்கங்கள் அப்படியே, ஏ என்றால் 10, பி என்றால் 11, இப்படியே போய் இசட் என்றால் 35. முதல் எழுத்தை ஒன்றால் பெருக்கு, இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மறுபடி ஒன்றால். ஒவ்வொரு விடையையும் 36ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டு. பதினான்கு எழுத்துக்கும் வந்த மொத்தத்தை 36ஆல் வகுத்து, மீதியை 36இலிருந்து கழித்தால் கடைசி எழுத்து கிடைக்கும். மீதி பூஜ்யமாக இருந்தால் கடைசி எழுத்தும் பூஜ்யம். பத்துப் பதினைந்து வரி பைத்தான். எழுதி, ஆபீசில் இருந்த சப்ளையர் மாஸ்டரை, அதாவது சப்ளையர்களின் ஜிஎஸ்டி எண் பட்டியலை, அதில் ஓட்டினேன். தப்பான எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஐந்துக்குப் பதில் ‘எஸ்’, சைபருக்குப் பதில் ‘ஓ’, இடம் மாறிய இரண்டு இலக்கம். ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தால் இந்தக் கணக்கு அதைக் கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறியிருந்தாலும் ஏறக்குறைய எப்போதும் பிடித்துவிடும். மாதாமாதம் ‘சப்ளையர் ஏற்றவில்லை’ என்று நாங்கள் போன் போட்டுத் திட்டிய சிலர் பில்லை ஒழுங்காகத்தான் ஏற்றியிருந்தார்கள். எண் தப்பாக இருந்தது டேலி பக்கத்தில்.

இங்கே ஒரு கிளைக்கதை. அந்த முறைக்குப் பெயர் கொடுத்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1896இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்தவர். ஐபிஎம்மில் 1941இல் சேர்ந்தார், இந்த முறைக்கு 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960இல் வாங்கினார். ஐபிஎம்முக்கு வருவதற்கு முன் ஜவுளித் தொழிலிலும் இருந்தவர். துணியில் இழை எண்ணுவதற்கு லூனோமீட்டர் என்று ஒரு கருவி கண்டுபிடித்தவர் அவர்தான். ஜவுளியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த ஒருவர் போட்ட கணக்கு, திருப்பூரில் ஒவ்வொரு பில்லின் தலையிலும் அச்சாகிறது. இதை நான் ஆபீசில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று 19ஆம் தேதி.

சரி, பேப்பர் திருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் புரோகிராமிங்கில் விழுந்த உருப்படியான முதல் அடி ரவுண்டிங்கில். பைத்தானில் ‘ரவுண்ட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. 2.5 கொடுத்தால் எவ்வளவு தரும்? 3 என்றுதான் யாரும் சொல்வார்கள். பைத்தான் 2 என்கிறது. 3.5 கொடுத்தால் 4. நடுவில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். எப்போதும் மேலே தள்ளினால் பெரிய கூட்டல்களில் மொத்தம் வீங்கிவிடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி சட்டம் 170ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வரித்தொகையை ரூபாய்க்கு முழுமையாக்கும்போது 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்கு. பைத்தானுக்கு நம் 170ஆம் பிரிவு தெரியாது. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டருக்கு 0.1 என்பதே துல்லியமாகத் தெரியாது, 0, 1 மட்டும் வைத்து எழுதும் அதன் இரண்டடிமான முறையில் அது முடிவில்லாமல் போகும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று தரும். பணத்துக்கு ‘டெசிமல்’ என்று தனி வகை இருக்கிறது, அதில் எப்படி ரவுண்ட் செய்ய வேண்டும் என்றும் நாமே சொல்லலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணிலேயே கணக்குப் போடலாம்.

இதை எந்த எரர் மெசேஜும் எனக்குச் சொல்லவில்லை. புரோகிராம் ஜோராக ஓடியது, எக்செல் ஷீட்டைப் பளிச்சென்று கொடுத்தது. எனக்குத் தெரியவந்தது எப்படியென்றால், போன மாதம் கையால் செய்து முடித்து, ஆடிட்டர் சார் பார்த்து, ஃபைல் செய்த ஷீட் ஒன்றை எடுத்து, அதே மாதத்துக்குப் புரோகிராம் தந்த ஷீட்டோடு ஒப்பிட்டேன். ஒரு ரூபாய் உதைத்தது. மொத்தத்தில் ஒரே ஒரு ரூபாய். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்காதவர் ‘ஒரு ரூபாய்தானே’ என்று விட்டிருப்பார். எங்களுக்கு ஒரு லட்சம் உதைத்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ ஒரு பில் விட்டுப்போயிருக்கும், கண்டுபிடித்துவிடலாம். ஒரு ரூபாய் உதைத்தால்தான் தூக்கம் வராது. எங்கேயோ இரண்டு பெரிய தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒரு ரூபாயாக நிற்கலாம்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. புதிதாக எதை எழுதினாலும் முதலில் விடை தெரிந்த ஒரு மாதத்தில் ஓட்டுவது. மொத்த பில் எண்ணிக்கை என்ன, ‘மேட்ச்’, ‘மிஸ்மேட்ச்’, ‘இல்லை’ மூன்றையும் கூட்டினால் அதே எண்ணிக்கை வருகிறதா, வரித்தொகையும் அப்படியே வருகிறதா என்று புரோகிராமையே கேட்க வைப்பது. வராவிட்டால் ஷீட்டே கொடுக்காதே என்று எழுதிவிடுவது. ரொம்ப நாள் கழித்துத்தான் இதற்கு டெஸ்ட் எழுதுவது என்று பெயர், இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன என்று தெரிந்தது. ஐடி கம்பெனியில் இருந்து வந்த ஒரு நண்பர், டெஸ்ட் எழுத வைப்பதுதான் ஜூனியர்களிடம் பெரும்பாடு என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டேலி ஆகாமல் எப்படி வீட்டுக்குப் போவது?

ஆனால் டேலி ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, அதையும் பிளஸ் டூ கணக்குப் பதிவியலிலேயே சொல்லித்தருகிறார்கள். டிரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் ஒத்துப்போனாலும் சில பிழைகள் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு பில்லையே பதியாமல் விட்டால் இரண்டு பக்கமும் குறையும், பேலன்ஸ் ஒத்துப்போகும். மெஷின் வாங்கியதை ரிப்பேர் செலவில் போட்டாலும் ஒத்துப்போகும். ஒரு பக்கத் தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் ஒத்துப்போகும். டெஸ்டும் அச்சு அசலாக இப்படித்தான். நாம் யோசிக்காததை அது சோதிக்காது. நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தப்பையே சரி என்று பச்சை விளக்கு காட்டும். பதினேழு வயதில் மனப்பாடம் செய்து எழுதிய அந்தப் பாடம் என் ரெஸ்யூமில் எங்கும் இல்லை, வேலையில் தினமும் இருக்கிறது.

தெரியாமல் போனதும் நிறைய. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு இரண்டாம் வருஷத்திலேயே தெரிவது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. பர்சேஸ் ரிஜிஸ்டரில் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும் 2ஏ-வை முதலிலிருந்து கடைசி வரை தேடும்படி எழுதியிருந்தேன். சின்ன கிளையண்டுக்கு நன்றாக ஓடியது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரு வருஷ டேட்டாவைக் கொடுத்ததும் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கம் இருபதாயிரம், இந்தப் பக்கம் இருபதாயிரம் என்றால் 40 கோடி ஒப்பீடு. பைத்தானில் ‘டிக்‌ஷனரி’ என்று ஒன்று இருக்கிறது, பில் நம்பரைச் சொன்னால் நேராக அந்த இடத்துக்குப் போகும். அதில் மாற்றி எழுதியதும் சில நொடிகளில் முடிந்தது. அல்காரிதம் என்ற சொல் அன்றைக்குத்தான் எனக்குப் பரீட்சைக் கேள்வியாகத் தெரியாமல், மின்சாரமும் நேரமுமாகத் தெரிந்தது. கிட், லினக்ஸ், டேட்டாபேஸ் இண்டெக்ஸ், நெட்வொர்க் என்று மற்ற ஓட்டைகளெல்லாம் வேலைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக அடைபட்டன. சில இன்னும் அடைபடவில்லை.

வேலை தேடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சுவாரசியம் குறைவு. விளம்பரங்களில் பாதி ‘பிஇ, பிடெக், எம்சிஏ மட்டும்’. மீதியில் ‘பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம்’. ஜோஹோ ஸ்கூல்ஸ் போல டிகிரி பார்க்காமல் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பள்ளியும் டிப்ளமோவும் முடித்து வரும் பிள்ளைகளுக்கு. முப்பதை ஒட்டிய வயதில் குழந்தையோடு இருப்பவளுக்கு அந்தக் கதவு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வருஷ அனுபவ சர்டிபிகேட் தருகிறோம் என்று போன் செய்தவர்களும் உண்டு. பிஎஃப் கணக்கில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று பதிவாகிறது, கம்பெனிகள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. பிஎஃப் சலான் போட்டுப் பழகிய ஆளிடமே இதைச் சொல்கிறார்களே என்று சிரிப்புத்தான் வந்தது. அதில் விழுந்து, வேலையில் சேர்ந்த பிறகு வெளியே அனுப்பப்படுகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

கடைசியில் கதவு திறந்தது கோவையில், ஜவுளி யூனிட்டுகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். எங்கள் கிளையண்ட் ஒருவர் அவர்களுடைய சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினார். அதிலிருந்து டேட்டா எடுத்து நான் மேட்சிங் செய்வதைப் பார்த்துவிட்டு அவர்தான் சொல்லிவிட்டார். இண்டர்வியூவில் லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடு என்பது போலப் பாடப்புத்தகக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து படித்துக்கொண்டு போனேன். ஒரு பர்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி ஃபைலையும் கொடுத்து, “இதை எப்படிங்க அணுகுவீங்க?” என்றார்கள். சம்பளம் பெரிதாக ஏறவில்லை. வீட்டுக்காரர், “அதே சம்பளத்துக்குக் கோயமுத்தூர் பஸ்ஸா?” என்று கேட்டார், நியாயமான கேள்விதான். ஆடிட்டர் சாரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அந்த மேட்சிங் புரோகிராமை எப்படி ஓட்டுறதுன்னு பசங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா” என்றார். எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் எழுதிய முதல் டாக்குமெண்டேஷன் அது.

இதனால்தான் ‘ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்’ (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுதுபவர்) ஆகப்போகிறேன் என்று, செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் டூ-டூ லிஸ்ட் ஆப் செய்துகொண்டிருக்கும் மற்ற துறைக்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த வரிசையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள், இளையவர்கள், குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள். அவர்களோடு அவர்களுடைய வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? நர்ஸாக இருந்தவருக்கு மருந்துக் கையிருப்பில் எங்கே எண் தப்பும் என்று தெரியும். லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவருக்கு வாடகையில் எத்தனை விதமான கழிவுகள் என்று தெரியும். விடை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால், தன் பேப்பரைத் தானே திருத்த முடியும். தெரியாத துறையில் போய் ஆப் செய்தால் அந்த வசதி போய்விடுகிறது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: இனிமேல் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது? நானும் தினமும் ஏஐ பயன்படுத்துகிறேன். நான் வாரக்கணக்கில் முட்டி மோதியதை அது ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது, பொறாமையாகக்கூட இருக்கிறது. வரியைக் கணக்குப் போட்டு ரூபாய்க்கு முழுமையாக்கு என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அதே ‘ரவுண்ட்’ கட்டளையைப் போட்டுத் தருவதையும் பார்த்திருக்கிறேன். 170ஆம் பிரிவு என்று சொல்லிக் கேட்டால் சரியாகத் தருகிறது. கேட்கத் தெரிய வேண்டும், வந்ததைப் பார்க்கத் தெரிய வேண்டும். பாடம் நடத்த முன்னால் ஆயிரம் பேர் இருந்தார்கள், இப்போது ஆயிரத்தோரு பேர்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஆயத்த ஆடையில் அதற்கு முன் ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிய கணக்கில் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. எங்கள் டீமில் என்னைவிடப் பலமடங்கு நன்றாக நிரல் எழுதும் தம்பி ஒருவர், “அக்கா, 12 இருக்கிற இடத்துல எல்லாம் 5 போட்டுரலாமா?” என்று கேட்டார். 3,000 ரூபாய் சட்டைக்கு என்ன செய்வாய் என்றேன். அதை உடனே பிடித்துக்கொண்டார். ஆகஸ்டில் 12 சதவீதத்தில் பில் போட்ட 1,500 ரூபாய் சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் எத்தனை சதவீதம் போடுவாய் என்றேன். யோசித்துவிட்டு, “பழைய பில்லோட விகிதம்தானே?” என்றார். ஆமாம். அப்படியானால் விகிதத்தைத் திருத்தவே கூடாது, பழையதை அப்படியே வைத்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து, எந்த விலை வரை என்று புதிய வரிசையைக் கீழே சேர்க்க வேண்டும். கிரெடிட் நோட் வந்தால் இன்றைய தேதியைப் பார்க்காமல் மூல பில்லின் தேதியைப் பார்க்க வேண்டும். டேபிளை அவர் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார், நான் எழுதியிருந்தால் ஒரு நாள் ஆகியிருக்கும். டெஸ்ட்டுகளை நான் எழுதினேன்: 1,000, 1,001, 2,500, 2,501, செப்டம்பர் 21 இரவு பில், 22 காலை பில், அப்புறம் அந்தத் திரும்பி வந்த சட்டை.